வேலைக்கு முன் ஓர் ஒப்பந்தம்

தோட்டப்புறங்களில் வாழ்வோருள் பலர் இன்று தோட்ட வேலையோடு நின்றுவிடுவதில்லை. சாயம் பூசுதல், தையல், விருந்துக்குச் சமைத்துக் கொடுத்தல், பந்தல் அமைத்தல், புல் வெட்டுதல் எனப் பல சிறு தொழில்களை நடத்தி வருகின்றனர். உழைப்பும் நல்ல பெயருமே இவர்களுடைய முதல். அவ்விரண்டையும் காக்கும் எளிய கருவி, எழுத்து வடிவிலான ஒப்பந்தமாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மகளின் திருமணம் நெருங்கும் வேளையில், பெரியவர் ஒருவர் தம் வீட்டிற்குச் சாயம் பூசித் தருமாறு அண்டை வீட்டு இளைஞரைக் கேட்கிறார். "1,800 வெள்ளி ஆகும், மாமா" என்கிறார் இளைஞர். "சரி, தம்பி, நல்லபடியாகச் செய்து கொடு" என்கிறார் பெரியவர். பேச்சு அத்துடன் முடிகிறது. வேலை நடக்கும்போது வேலியும் சமையலறையும் சேர்கின்றன. இளைஞர் மறுக்கவில்லை. இறுதியில், தம் கைப்பணத்தில் வாங்கிய சாயத்திற்கு 700 வெள்ளியும் கூடுதல் வேலைக்கு 300 வெள்ளியும் சேர்த்து 2,800 வெள்ளி கேட்கிறார். பெரியவரோ எல்லாம் 1,800 வெள்ளியில் அடங்கும் என்றே எண்ணியிருந்தார்; அதை மட்டுமே கொடுக்கிறார்.

இவ்விருவருள் பொய்யர் எவருமில்லை. ஒரே பேச்சை இருவரும் வெவ்வேறு விதமாகப் பொருள் கொண்டனர், அவ்வளவே. ஆயினும் இளைஞருக்கு 1,000 வெள்ளி இழப்பு. பெரியவருக்கோ, தாம் ஏமாற்றப்பட்டோம் என்னும் மனக்குறை. இளைஞர் வீட்டார் அத்திருமணத்திற்குச் செல்வதில்லை. ஒரே வரிசையில் வாழும் இரு குடும்பங்களின் உறவு முறிந்து போகிறது.

வாய்மொழி ஒப்பந்தம் செல்லாதா எனச் சிலர் வினவலாம். செல்லும். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பிய, தெளிந்த மனநிலை உடையவர்கள் தம் முழுச் சம்மதத்துடன், சட்டத்திற்கு உட்பட்ட நோக்கத்திற்காக, பயன் கருதிச் செய்துகொள்ளும் உடன்பாடு பொதுவாகப் பேச்சளவில் இருந்தாலும் ஒப்பந்தமே. ஆனால், பேசியது இன்னதென்று மெய்ப்பிப்பதுதான் கடினம். எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்று நம் முன்னோர் கேட்டது இதனாலேயே.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை யாவை?

1. இரு தரப்பினரின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி.
2. செய்யவிருக்கும் வேலை, அதில் அடங்காத வேலை.
3. பொருள்களை வாங்கித் தருபவர் யார் என்பது.
4. மொத்தக் கூலி, முன்பணம், மீதியைச் செலுத்தும் நாள்.
5. வேலை தொடங்கும் நாளும் முடியும் நாளும்.
6. கூடுதல் வேலை வந்தால், அதன் கூலியை முதலில் எழுதிக் கையெழுத்திட்ட பின்னரே தொடங்குவது என்னும் விதி.
7. வேலை இடையில் நின்றால் கணக்கை முடிக்கும் முறை.

ஒரு தாள் போதும். இரு படிகள் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். பணம் பெறும்போதெல்லாம் ரசீது கொடுக்க வேண்டும். 1949ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின்படி, உரிய முத்திரை வரி செலுத்தப்படாத பத்திரம் வழக்கில் சான்றாக ஏற்கப்படாது. ஆகவே, அதைப் பற்றி உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் கேட்டறிதல் நன்று. கைத்தொலைபேசியில் அனுப்பிய செய்திகளையும் அழித்துவிடலாகாது. மின்னணுச் செய்தி என்ற காரணத்தால் மட்டும் ஒன்று செல்லாததாகிவிடாது என்பதை 2006ஆம் ஆண்டு மின் வாணிபச் சட்டம் உறுதிப்படுத்துகிறது.

அவ்வாறு எழுதியும் பணம் கிட்டாவிடில் வழி உண்டு. 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கையைத் தனியாள் ஒருவர் வழக்கறிஞர் இன்றித் தாமே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தொடுப்பதற்கு, 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகள் வகை செய்தன. அதற்குரியது படிவம் 198. தீபகற்ப மலேசியாவில் ஒப்பந்த வழக்கிற்குரிய காலவரம்பு ஆறு ஆண்டுகள்.

தெரிந்தவரிடம் தாளை நீட்டுவது மரியாதைக் குறைவு எனச் சிலர் தயங்குவர். உண்மையில் ஒப்பந்தம் இரு தரப்பினரையும் காக்கிறது. திருமணத்திற்கு முன் வேலை முடியும் என்ற உறுதி பெரியவருக்குக் கிட்டுகிறது. எழுத உட்காரும் இளைஞரோ சாயத்தின் விலையை முன்னரே கணக்கிட நேர்கிறது. ஐயங்களை வேலைக்குப் பின் அல்லாமல் முன்பே தீர்த்துக்கொள்கிறார். மேற்கூறிய இருவரும் "சாயம் யார் செலவு?" என்னும் ஒரு வரியை எழுதியிருந்தாலே பூசலில் பெரும்பகுதி எழுந்திராது.

எனவே, சிறு தொழில் புரியும் அன்பர்கள் அடுத்த வேலையை ஏற்குமுன் கால் மணி நேரம் ஒதுக்கி, பேசியதை எழுதிக் கையெழுத்துப் பெறுவார்களாக. உழைப்பிற்கு உரிய கூலியும் கிட்டும். அண்டை வீட்டு உறவும் நிலைக்கும்.