வெண்படைத் தலைவர்களின் தோல்வி

ருஷ்யாவில் 1917-ஆம் ஆண்டு போல்ஷெவிக்குகள் ஆட்சியைக் கைப்பற்றிய பின் மூண்ட உள்நாட்டு யுத்தத்தில், அவர்களை எதிர்த்து நின்ற வெண்படையின் தலைவர்களுக்கு வீரமும் போர்க்கலைப் பயிற்சியும் குறைவாக இருந்தன என்று எவரும் சொல்ல முடியாது. டான் பிரதேசத்தில் தொண்டர் சேனையைத் திரட்டிய அலெக்ஸேயெவும் கார்னிலோவும் ஜார் சேனையின் உயர்ந்த பதவிகளை வகித்தவர்கள். கார்னிலோவ் 1918 ஏப்ரலில் எகாதரினோதார் முற்றுகையில் பீரங்கிக் குண்டுக்கு இரையானதும் தலைமையேற்ற டெனிகின், பண்ணையடிமையாகப் பிறந்து ராணுவத்தில் மேஜராக உயர்ந்த ஒருவரின் புதல்வர். அவ்வாண்டு நவம்பரில் சைபீரியாவின் ஓம்ஸ்க் நகரில் தலைமை ஆட்சியாளராகப் பிரகடனம் செய்யப்பட்ட அட்மிரல் கோல்சாக், வடதுருவக் கடல்களை ஆராய்ந்து கீர்த்தி பெற்றவர்.

1919 அக்டோபரில் டெனிகினுடைய சேனை மாஸ்கோவுக்குத் தெற்கேயுள்ள ஓரெல் நகரைப் பிடித்தது. அதே மாதத்தில் வெண்படையின் மற்றொரு தலைவரான யூதெனிச் பெத்ரோகிராடின் புறநகர்களை எட்டிவிட்டார். ஆயினும் சில மாதங்களுக்குள் இரண்டு சேனைகளும் சிதறின. ஏற்கெனவே பின்வாங்கிக்கொண்டிருந்த கோல்சாக் 1920 பிப்ரவரியில் இர்குட்ஸ்கில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

போல்ஷெவிக்குகளின் செஞ்சேனைக்கு ஆள்பலமும், ஆயுதச் சாலைகளும், நாட்டின் நடுப்பகுதியும் அனுகூலமாக இருந்தன என்பது உண்மையே. ஆனால் அதைவிட ஆழமான காரணம், வெண்படைத் தலைவர்கள் ஜனங்களுக்கு என்ன வாக்களித்தார்கள் என்பதில் இருக்கிறது. நிலச்சுவான்தார்களின் பூமியைக் குடியானவர்கள் 1917-லேயே பங்கிட்டுக்கொண்டுவிட்டார்கள்; அந்த நிலம் யாருக்கு என்ற கேள்விக்கு, யுத்தம் முடிந்தபின் கூடும் அரசியல் நிர்ணய சபை விடையளிக்கும் என்பதே வெண்படைத் தலைவர்களுடைய பதிலாயிற்று. சேனை முன்னேறிய இடங்களில் பழைய நிலச்சுவான்தார்களும் அதன் பின்னே திரும்பி வந்தபோது, குடியானவனுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பிரிக்க முடியாத ஒரே ருஷ்யா என்ற கோட்பாட்டை விடாமற் பற்றியதால், எல்லைப்புற நாடுகளின் நேசத்தையும் இழந்தார்கள். பெத்ரோகிராடைத் தாக்க உதவத் தயாராயிருந்த பின்லாந்தின் மன்னர்ஹைம், பதிலுக்குத் தம் நாட்டின் சுதந்திரத்துக்கு அங்கீகாரம் கோரியபோது, கோல்சாக் அதற்கு இணங்கவில்லை.

இரு தரப்பிலும் கொடுமைகள் நிகழ்ந்தன என்றாலும், 1919-இல் உக்ரேனில் யூதர்கள்மீது வெண்படையினர் நடத்திய படுகொலைகளும் சூறையாடல்களும், ஒழுங்கை மீட்க வந்தோம் என்ற அவர்களுடைய உரிமைப்பேச்சை வேரோடு சாய்த்தன.

டெனிகினுக்குப் பின் கிரீமியாவில் பொறுப்பேற்ற விராங்கெல் இப்பாடத்தை ஓரளவு உணர்ந்து, 1920 ஜூனில் குடியானவர்களுக்கு நில உரிமை வழங்கும் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அவ்வாண்டு நவம்பரில் ஏறக்குறைய 1,50,000 பேர் அவருடன் கப்பலேறித் தாய்நாட்டைப் பிரிந்தார்கள்.

கொள்கையொன்றை எதிர்ப்பதால் மாத்திரம் ஒரு தலைவன் ஜனங்களின் நம்பிக்கைக்குப் பாத்திரனாகிவிடுவதில்லை. வெற்றிக்குப் பிறகு நியாயம் வழங்குவோம் என்று சொன்னவர்களுக்கு, அந்த நியாயத்தை முன்னரே வழங்காததனாலேயே வெற்றி கிட்டாமற் போயிற்று.