32 வருடம் மூடிக்கிடந்த ஓட்டப்பாதை

800 மீற்றர் ஓட்டம் முடிகிற இடத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஆணோ பெண்ணோ, முழுப் பலத்தோடு ஓடியவர் கோட்டைத் தாண்டியதும் முழங்காலில் கையை ஊன்றி மூச்சு வாங்குவார். சிலர் அப்படியே தரையில் படுத்துவிடுவார்கள். ஓடும்போது கால் தசைகள் இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பித் தள்ளுகின்றன. ஓட்டம் சட்டென்று நின்றால் இரத்தம் கால்களில் தேங்கும், தலை சுற்றும். பெரும்பாலும் சில நிமிடம் இளைப்பாறினால் சரியாகிவிடும்.

இந்தச் சாதாரண களைப்பைக் காரணம் காட்டித்தான் பெண்களின் ஓட்டம் ஒன்று 32 வருடம் நிறுத்தப்பட்டது.

1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு முதன்முதலாக மெய்வல்லுநர் போட்டிகளில் இடம் கிடைத்தது. ஆகஸ்ட் 2ஆம் திகதி 800 மீற்றர் இறுதிப் போட்டி. ஜேர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 செக்கனில் உலக சாதனையோடு வென்றார். இரண்டாவதாக வந்த கினுவே ஹிட்டோமி, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் யப்பானியப் பெண். ஓடிய ஒன்பது பேரும் ஓட்டத்தை முடித்தார்கள்.

ஆனால் பல பத்திரிகைகள், பெண்கள் இடையிலேயே விலகினார்கள், மயங்கி விழுந்தார்கள் என்று எழுதின. அதன்பிறகு 200 மீற்றருக்கு மேற்பட்ட எந்த ஓட்டமும் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இல்லை என்றாயிற்று.

இதற்கு 20 வருடம் முன்பு, 1908இல் லண்டன் ஒலிம்பிக்கில், மரதன் ஓடிய இத்தாலியர் டொராண்டோ பியெத்ரி மைதானத்துக்குள் வந்து பல தடவை விழுந்தார். மற்றவர்கள் தாங்கிப் பிடித்ததால் அவருடைய வெற்றி செல்லாமல் போனது. ஆனாலும் மறுநாள் அலெக்சாண்ட்ரா மகாராணியே அவருக்கு ஒரு கிண்ணம் பரிசளித்தார். ஆண்களின் மரதனை யாரும் நிறுத்தவில்லை. ஆண் விழுந்தால் வீரம், பெண் களைத்தால் பலவீனம்!

அந்தக் காலத்து மருத்துவர்கள் பலரும் இதற்குத் துணைபோனார்கள். பெண்ணுடைய சக்தி பிள்ளைப்பேற்றுக்கே போதாது, ஓடினால் கர்ப்பப்பை இடம்மாறிவிடும் என்றெல்லாம் சொன்னார்கள். சோதித்துப் பார்த்துச் சொன்னதல்ல, வெறும் பயம். உண்மையில் கர்ப்பப்பையை இணைப்பு நார்களும் இடுப்புத் தசைகளும் தாங்கிப் பிடித்திருக்கின்றன. ஓடுவதால் அது கழன்றுபோகாது.

1960இல் ரோம் நகரில் அந்த ஓட்டம் திரும்ப வந்தது. சோவியத் வீராங்கனை லுட்மிலா ஷெவ்சோவா 2 நிமிடம் 4.3 செக்கனில் ஓடி வென்றார். 1966இல் பொஸ்டன் மரதனில் அனுமதி கிடைக்காத பொபி கிப், புதருக்குள் ஒளிந்திருந்து கூட்டத்தோடு சேர்ந்து ஓடி முடித்தார். அடுத்த வருடம் கத்ரின் சுவிட்சரை ஓட்டத்தின் நடுவிலேயே பிடித்து இழுக்கப் பார்த்தார் ஒரு அதிகாரி. அவரும் ஓடி முடித்தார். 1984இல்தான் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மரதன் வந்தது.

அன்பான தங்கைகளே, அந்தப் பழைய பயம் நம்முடைய வீடுகளிலும் இன்னும் இருக்கிறது. பெரியபிள்ளையானதும் வலைப்பந்தை விட்டவர்கள், மாதவிடாய் நாட்களில் அசையவே கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! ஒரு தாதியாகச் சொல்கிறேன்: எலும்புகள் பலம் சேர்க்கும் முக்கியமான காலம் வாலிபப் பருவம்தான். மாதவிடாய் வலி பலருக்கு உடற்பயிற்சியால் குறைகிறது. வலி தாங்கமுடியாமல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தென்னாசியர்களான நமக்கு நீரிழிவு வரும் ஆபத்தும் அதிகம். 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடமும், பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவதும் உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேகமாக நடப்பதும் இதில் சேரும்.

தம்பிமாரே, உங்களுக்கும் ஒன்று. சபை விளையாட்டு நாளில் அக்கா தங்கைகள் சாப்பாடு பரிமாறுகிறவர்களாக மட்டும் நிற்கவேண்டாம். அவர்களையும் அணியில் சேருங்கள், பரிமாறும் வேலையில் நீங்களும் பங்கெடுங்கள்.

சரீரத்தைப் பரிசுத்த ஆவியானவரின் ஆலயத்துக்கு ஒப்பிட்டு பவுல் எழுதியது கொரிந்துவில் இருந்த ஆண்களுக்கு மட்டுமல்ல. கர்த்தர் தந்த ஆலயத்தைப் பேணும் பொறுப்பு நம் எல்லோருக்கும் உண்டு. இந்த வாரம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு அரைமணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள்.