வீட்டுக்கும் ஒரு விதி வேண்டும்



தொலைபேசி, சிக்னல் எல்லாம் ஒருசேர அற்றுப்போனால் வண்டியை எப்படி நடத்துவது என்று ரயில்வேயில் முன்கூட்டியே விதி எழுதி வைத்திருப்பார்கள். அந்தத் துறையில் இன்ஜினீயராக இருந்த நான், என் வீட்டுக்கு அப்படி எதுவும் எழுதி வைக்கவில்லை.

2005 ஜூலை 26. மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை. கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டதால் நீர் வடிய வழியில்லை. மித்தி ஆறு கரை புரண்டது. நான் வேலையிடத்தில் மாட்டிக்கொண்டேன். குர்லாவில் தரைத்தளத்தில் எங்கள் குடித்தனம். மகளைத் தேடி மனைவி இடுப்பளவு நீரில் கிளம்பிவிட்டாள். மகளோ பள்ளி மாடியில் ஆசிரியைகளோடு பத்திரமாக இருந்தாள். வீட்டில் தனியாக இருந்தவர், ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா. மாடிவீட்டுக்காரர்கள் மராத்தியில் கூவி அழைத்தும் அவர் கதவைத் திறக்கவில்லை. "யார் கூப்பிட்டாலும் திறக்காதீங்கம்மா" என்று சொல்லி வைத்திருந்தவன் நான்தான். நீர் கட்டிலைத் தொட்ட பிறகே, ஜன்னல் வழியாகச் சைகை காட்டி அவரை மேலே அழைத்துப் போனார்கள். மறுநாள்தான் நால்வரும் ஒன்று சேர்ந்தோம்.

அதன்பின் நாங்கள் எழுதி வைத்த விதிகள் இவை:

1. நீர் ஏறினால் மாடியில் யார் வீடு, கட்டடத்தை விட்டே வெளியேற நேர்ந்தால் எந்த இடம் என்று இரண்டையும் முடிவு செய்யுங்கள்.

2. பள்ளியில் இருக்கும் பிள்ளை அங்கேயே இருக்கட்டும். வெள்ளம் வடிந்தபின் அழைத்துவரப் போவது யார் என்பதை முன்பே பேசிவையுங்கள்.

3. உள்ளூரில் போன் கிடைக்காமல் போகலாம். சொந்த ஊரில் ஓர் உறவினரைக் குறித்துக்கொண்டு, எல்லோரும் அவருக்கே தகவல் அனுப்புங்கள்.

4. பெரியவர்களின் பெயர், விலாசம், நோய், மருந்து ஆகியவற்றை இந்தியிலும் மராத்தியிலும் எழுதி அவர்களிடம் கொடுங்கள்.

5. ஆவண நகல்கள், ஒரு வார மருந்து, டார்ச், குடிநீர், கொஞ்சம் ரொக்கம் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

6. நீர் உள்ளே வருமுன் கேஸையும் மெயின் சுவிட்சையும் அணையுங்கள். நீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடாதீர்கள். நீர் சூழ்ந்த காருக்குள் உட்கார்ந்திருக்காதீர்கள். அன்று சிலர் அப்படித்தான் இறந்தார்கள்.

7. அவசர உதவிக்கு 112. மும்பை மாநகராட்சிக்கு 1916.

இதைக் கதவின் பின்புறம் ஒட்டிவைத்து, ஆண்டுதோறும் மழைக்கு முன் குடும்பத்தோடு ஒருமுறை நடந்து பாருங்கள்.

உறவை விட்டு வந்த நமக்கு ஆபத்தில் முதலில் வருவது பக்கத்து வீட்டுக்காரர்தான். அடுத்த தீபாவளிக்கு முறுக்குத் தட்டோடு அங்கே போகும்போது, ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியையும் கூட்டிப்போங்கள். எந்த முகத்துக்குக் கதவைத் திறக்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.