அப்பா என்று அழைத்தவளுக்குப் பங்கு உண்டா?

மனைவியை இழந்த ஒருவருக்கு ஒரு மகன். கணவரை இழந்த ஒரு பெண்ணுக்கு ஒரு மகள். இருவரும் மணம் முடிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பையன் பிறக்கிறான். மூன்று பிள்ளைகளும் ஒரே வீட்டில், பேதம் தெரியாமல் வளர்கிறார்கள். ஆனால் அந்த அப்பா உயில் எழுதாமல் கண்ணை மூடினால், சட்டப்படி அந்த மகள் அவருக்கு வாரிசு அல்ல.

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் பிள்ளை என்றால் பெற்ற பிள்ளை அல்லது முறைப்படி தத்தெடுத்த பிள்ளைதான். அவர் சுயமாகச் சம்பாதித்துக் கட்டிய வீடு, அவருடைய தாயார் உயிரோடு இல்லாத நிலையில், மனைவிக்கும் இரண்டு மகன்களுக்கும் சமமாகப் பிரியும். பின்னாளில் மனைவியும் உயில் இல்லாமல் இறந்தால், அவருடைய பங்கு அவர் பெற்ற மகளுக்கும் இளைய மகனுக்கும் போகும். கூட்டிக் கழித்தால் இளையவனுக்குப் பாதி வீடு, மூத்த தாரத்து மகனுக்கு மூன்றில் ஒரு பங்கு, மகளுக்கு ஆறில் ஒரு பங்கு. வீடு அந்த அம்மாவின் பெயரில் இருந்து அவர் முதலில் இறந்திருந்தால், அவருடைய வாரிசுகள் கணவரும் அவர் பெற்ற இருவரும்தான். மூத்தவனுக்கு ஒன்றும் இல்லை. எந்தப் பெற்றோர் இப்படிப் பிரிக்க நினைத்திருப்பார்கள்?

"பேங்க்கில் மகளைத்தான் நாமினியாகப் போட்டிருக்கிறேன்" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். வங்கி நாமினியிடம் பணத்தைக் கொடுக்கும். ஆனால் அந்தப் பணம் வாரிசுகளுக்கே சொந்தம்.

ஆகவே உயில் எழுதுங்கள். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். நாளை வழக்கு வந்தால் நீதிமன்றத்துக்கு வந்து சொல்ல வேண்டியவர்கள் அவர்கள் என்பதால், வயதில் இளையவர்களை, சொத்தில் பங்கு பெறாதவர்களைத் தேர்ந்தெடுங்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பின்னால் சந்தேகம் கிளப்புவது கடினம். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும். மனைவிக்கு ஆயுட்கால அனுபவ பாத்தியதை, பிறகு பிள்ளைகளுக்கு என்று எழுத நினைத்தால் வக்கீலிடம் காட்டுங்கள். ஜீவனாம்சத்துக்கு ஈடாகக் கொடுத்ததென்றால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு அதை அவருடைய முழு உரிமையாகவே ஆக்கிவிடலாம்.

எழுதியதை மூன்று பிள்ளைகளையும் உட்காரவைத்துச் சொல்லியும் விடுங்கள். யாருக்கு என்ன, ஏன் என்பதை உங்கள் வாயால் கேட்ட பிள்ளைகள், நீங்கள் போன பிறகும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பார்கள்.