ஈர்ப்பு வேற, கோளாறு வேற, குற்றம் வேற

இந்த எபிசோடுல வன்கொடுமை பத்தின வர்ணனை எதுவும் கிடையாது. ஆனாலும் பக்கத்துல குழந்தைங்க இருந்தா ஹெட்போன் மாட்டிக்கோங்க.

ஒரு நேயர் மெயில்ல கேட்டிருந்தாங்க: "பீடோஃபிலியாவை நோய்னு சொன்னா, குற்றவாளி தப்பிக்க வழி விட்ட மாதிரி ஆகாதா?" ஆகாது. டாக்டர் ஒரு கோளாறுக்குப் பேர் வைக்கிறதால மட்டும் சட்டப் பொறுப்பு போயிடாது. ஆனா அந்தப் பேரை யாருக்கு வைக்கிறாங்கங்கிறதுலதான் விஷயமே இருக்கு.

அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தோட கையேடு டிஎஸ்எம். அதோட ஐந்தாம் பதிப்பு 2013ல வந்தது. அதுல இருக்கிற பேர் 'பீடோஃபிலிக் டிஸார்டர்'. பருவமடையாத குழந்தைகள், அதாவது பொதுவா 13 வயசு வரைக்கும் உள்ளவங்களைப் பத்தின தீவிரமான பாலியல் எண்ணமோ உந்துதலோ, குறைஞ்சது 6 மாசமா திரும்பத் திரும்ப வரணும். அந்த நபருக்கு 16 வயசாவது ஆகியிருக்கணும். குழந்தையைவிட 5 வயசாவது மூத்தவரா இருக்கணும். இதுக்கு மேல இன்னொரு நிபந்தனை: அந்த உந்துதல்படி அவர் நடந்திருக்கணும், அல்லது அதனால அவருக்குக் கடுமையான மன உளைச்சலோ உறவுச் சிக்கலோ இருக்கணும்.

கோடு எழுதுறவன் கண்ணுக்கு அந்த 'அல்லது' உடனே தெரியும். 1994 பதிப்புல அது இல்ல. உளைச்சலோ வாழ்க்கையில பாதிப்போ இருந்தாத்தான் கோளாறு. அதை எழுத்துக்கு எழுத்து படிச்சா, குழந்தைக்குத் தீங்கு செஞ்சுட்டு எந்த உறுத்தலும் இல்லாம நிம்மதியா இருக்கிற ஆள் 'நார்மல்'! 2000ல வந்த திருத்தப் பதிப்புல சரி பண்ணாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-11, 2022 ஜனவரியில நடைமுறைக்கு வந்தது. அதுலயும் செயல் அல்லது உளைச்சல், ரெண்டுல ஒண்ணு வேணும்.

அப்போ, ஈர்ப்பு இருக்கு, எதுவும் செய்யல, உளைச்சலும் இல்லன்னா? டிஎஸ்எம்-5 கணக்குல அது ஈர்ப்பு மட்டும்தான், கோளாறு இல்ல. இன்னொரு பக்கம், குழந்தைகளைத் துன்புறுத்துற எல்லாருக்கும் இந்த ஈர்ப்பு இருக்கிறதும் இல்ல. கையில சிக்கின வாய்ப்பு, குடி, அதிகாரம்னு வேற காரணங்களும் உண்டு. செய்தி சேனல்கள் எல்லாத்தையும் ஒரே வார்த்தையில அடைச்சிடுறாங்க.

சிகிச்சைக்கு வருவோம். ஈர்ப்பையே அழிக்கிற வழி இருக்குன்னு இதுவரை நிரூபணம் ஆகல. அதனால சிகிச்சையோட குறி, அது செயலா மாறாம தடுக்கிறது. தனக்கு எப்போ, எந்தச் சூழல்ல ஆபத்துன்னு கண்டுபிடிச்சு விலகுறது, "குழந்தைக்கும் இது பிடிச்சிருக்கு" மாதிரியான சுயபொய்களை உடைக்கிறது, இதெல்லாம் பேச்சு வழி சிகிச்சையில வரும். தேவைப்பட்டா மனச்சோர்வுக்குக் கொடுக்கிற எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைகள். ஆபத்து அதிகம்னா டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கிற ஊசி. எலும்பு பலவீனமாகும்ங்கிறதால தொடர்ந்து கண்காணிக்கணும்.

ஸ்வீடன்ல, உதவி கேட்டுத் தானா வந்த 52 ஆண்களை வெச்சு ஒரு ஆய்வு நடந்தது, 2020ல வெளியாச்சு. பாதிப் பேருக்கு டெகரெலிக்ஸ்ங்கிற புராஸ்டேட் புற்றுநோய் ஊசி, மீதிப் பேருக்கு வெறும் டம்மி ஊசி. ரெண்டே வாரத்துல, மருந்து போட்டவங்களோட ஆபத்து மதிப்பெண் மத்தவங்களைவிட அதிகமா குறைஞ்சது. ஆனா இந்த மதிப்பெண் குறையறதும், நிஜத்துல குற்றம் குறையறதும் ஒண்ணு இல்ல. சின்ன ஆய்வு வேற.

எனக்கு இதுல முக்கியமாப் படுறது 'தானா வந்த'ங்கிற வார்த்தைதான். பெர்லின்ல ஷாரிட்டே மருத்துவமனை 2005ல 'டுங்கெல்ஃபெல்ட்'னு ஒரு தடுப்புத் திட்டம் தொடங்கிச்சு. 'இருட்டு வெளி'ன்னு அர்த்தம். போலீஸ் கண்ணுக்கே வராத குற்றங்கள் நடக்கிற இடம். குழந்தைகள் மேல ஈர்ப்பு இருக்கிறவங்க ரகசியமா, இலவசமா வந்து சிகிச்சை எடுக்கலாம்னு வெளிப்படையா விளம்பரமே போட்டாங்க. ஜெர்மன் சட்டப்படி, நோயாளி தான் முன்னாடி செஞ்சதைச் சொன்னா, டாக்டர் அதைப் போலீஸ்ல சொல்லணும்னு கட்டாயம் இல்ல. இதனால குற்றம் குறைஞ்சதுன்னு 2015ல வந்த ஆய்வு நிரூபிக்கல. அதுமட்டுமில்ல, பாதிக்கப்பட்ட குழந்தை பக்கம் நின்னு பார்த்தா இந்த ரகசியம் உறுத்தத்தான் செய்யும்.

இந்தியாவுல நிலைமை நேரெதிர். 2012 போக்சோ சட்டத்தோட 19ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிஞ்சா மட்டும் இல்ல, நடக்கும்னு அச்சம் இருந்தாலே புகார் சொல்லணும்ங்குது. தெரிஞ்சும் மறைச்சா 21ஆம் பிரிவுல 6 மாசம் வரை சிறை. டாக்டருக்கும் விலக்கு இல்ல. குடும்பமே சேர்ந்து மூடி மறைக்கிற நம்ம ஊர்ல இந்தச் சட்டம் வேணும்தான், அதை நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனா இன்னும் எதுவுமே செய்யாத, தன் எண்ணத்தைக் கண்டு தானே பயப்படுற 20 வயசுப் பையன் எந்தக் கதவைத் தட்டுவான்? ஈர்ப்பு இருக்கிறதே குற்றம்னு அந்தச் சட்டத்துல எங்கயும் இல்ல. முதல் நாளே "நான் எதை ரகசியமா வெச்சுக்க முடியும், எதை முடியாது"ன்னு சொல்லிட்டுப் பேச ஆரம்பிக்கிற மனநல மருத்துவர்கிட்ட அவன் போகலாம். அரசோட டெலி-மானஸ் எண் 14416, தமிழ்லயும் பேசலாம். ஒரு குழந்தைக்கு ஆபத்துன்னு உங்களுக்குச் சந்தேகம் இருந்தா அதுக்கு வேற எண்: 1098.