பித்தப்பையில் கோழை சுரக்கும் அரிய புற்றுநோய்

கல்லீரலின் அடிப்புறத்தில், பேரிக்காய் வடிவத்தில், ஏறத்தாழ 7 முதல் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு சிறு பை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதுவே பித்தப்பை. கல்லீரல் நாள்தோறும் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அந்நீரில் ஒரு பகுதியை வாங்கித் தேக்கி, அதிலுள்ள தண்ணீரை உறிஞ்சிச் சுண்டச் செய்து, கொழுப்புக் கலந்த உணவை நாம் உண்ணும்போது குடலுக்குத் திறந்துவிடுவது இப்பையின் வேலை. ஏரிக்கும் மதகுக்கும் உள்ள உறவை அறிந்த விவசாயப் பெருமக்களுக்கு இதனை மேலும் விளக்க வேண்டுவதில்லை. 30 முதல் 50 மில்லி லிட்டர் நீரே கொள்ளும் இச்சிறு பையில் தோன்றும் புற்றுநோய்களுள் ஒரு வகையைப் பற்றி, கிராம வளர்ச்சிக்கான இப்பத்திரிகையில் நாம் எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. இந்நோய் அரிது என்பது உண்மையே. ஆயினும் இதனைக் கண்டுபிடிப்பதில் நேரும் தாமதம் சாதாரணமாகக் காணப்படுவது. அத்தாமதத்தில் ஒரு பகுதி நம் வீட்டுத் திண்ணைகளிலேயே நேர்கிறது.

பித்தப்பையின் உட்சுவரை ஒரு மெல்லிய சவ்வு மூடியுள்ளது. பித்தநீர் சுவரை அரித்துவிடாதபடி அச்சவ்வின் உயிரணுக்கள் வழுவழுப்பான ஒரு பொருளைச் சிறிதளவு சுரக்கின்றன. மருத்துவர்கள் இதனை மியூசின் என்பர்; கோழை என்றே நாம் கூறலாம். வெண்டைக்காயை நறுக்கும்போது கத்தியில் நூல்விடும் பசையை இது ஒத்தது. உரிய அளவில் இருக்கும்வரை இது உடலுக்குக் காப்பு. இவ்வுயிரணுக்கள் கட்டுப்பாடிழந்து பெருகிப் புற்றாக மாறிய பின்னரும் சில சமயங்களில் தமது பழைய தொழிலை விடுவதில்லை. அளவின்றிக் கோழையைச் சுரந்துகொண்டே போகின்றன. பித்தப்பைப் புற்றுகளில் மிகப் பெரும்பாலானவை இத்தகைய சுரப்பு உயிரணுக்களிலிருந்து தோன்றுபவையே. எனினும், கட்டியின் பாதிக்கு மேற்பட்ட பகுதி கோழையாகவே இருந்தால்தான் அதனைக் கோழைப் புற்று எனத் தனியே வகைப்படுத்துவர். 2012-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் 606 பித்தப்பைப் புற்றுகளைப் பரிசோதித்தபோது 15 மட்டுமே இவ்வகையைச் சேர்ந்தனவாக இருந்தன. உயிரணுக்களுக்கு வெளியே கோழை குளமாகத் தேங்கி நிற்க, அதனுள் புற்றணுக்கள் திட்டுத்திட்டாக மிதந்துகொண்டிருப்பது இதன் தோற்றம். வேறொரு வகையில் கோழை வெளியேறாமல் உயிரணுவுக்குள்ளேயே நிரம்பி, அதன் உட்கருவை ஓரத்திற்குத் தள்ளிவிடுகிறது. நுண்ணோக்கியில் அது முத்திரை மோதிரம் போலத் தெரிவதால் அப்பெயராலேயே அழைக்கப்படுகிறது. அதுவும் அரியது; பரவுவதில் கொடியது.

பித்தப்பைப் புற்றுநோய் உலகெங்கும் ஒரே அளவில் காணப்படுவதன்று. தென் அமெரிக்காவில் சிலி, பொலிவியா நாடுகளிலும், நம் நாட்டில் கங்கைச் சமவெளியிலும், அசாமின் காமரூப் பகுதியிலும் இது மிகுதி. பெண்களிடம் ஆண்களைக் காட்டிலும் இரண்டு மூன்று மடங்கு கூடுதல். தென்னாட்டில் குறைவு. இதற்குப் பித்தப்பைக் கற்களே முக்கியத் தொடர்பாகக் கருதப்படுகின்றன. எஸ். எல். மல்ஹோத்ரா என்னும் மருத்துவர் இரயில்வே ஊழியர்களிடையே ஆராய்ந்து 1968-இல் வெளியிட்ட முடிவின்படி, பித்தப்பைக் கல் தென்னிந்தியரைக் காட்டிலும் வட இந்தியரிடம் 7 மடங்கு அதிகமாக இருந்தது. கல் உள்ளவர்களுள் மிகச் சிலருக்கே புற்றுநோய் வருகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தொந்தரவு தராத கல்லுக்காக அனைவரும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை. 3 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல், 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட சதை வளர்ச்சி ஆகியவை இருப்பின், வலி இல்லாவிடினும் டாக்டரின் ஆலோசனை அவசியம்.

இனி, நோயை அறியும் முறைக்கு வருவோம். மேற்சொன்ன 15 பேரில் பெரும்பாலோர் திடீர்ப் பித்தப்பை அழற்சி கண்டவரைப் போன்றே வைத்தியரிடம் வந்தனர். வலது விலாவின் கீழ் வலி, காய்ச்சல், வாந்தி. இவை கல் அடைத்தாலும் வரும். நோய்க்கெனத் தனி அடையாளம் ஒன்றுமில்லை என்பதே இதிலுள்ள வஞ்சனை. முதற்படியாகச் செய்யப்படுவது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். கல்லையும் சுவரின் தடிப்பையும் அது நன்கு காட்டும். கெட்டியான கட்டியாயின் அதனையும் பெரும்பாலும் காட்டிவிடும். ஆனால் கோழைப் புற்றோ பெரும்பகுதி நீர்த்தன்மை உடையது. ஆகவே அது சீழாகவோ, தேங்கிய பித்த வண்டலாகவோ தோன்றக்கூடும். கல் கழுத்தில் அடைத்துக்கொண்டதால் பித்தப்பை கோழையால் நிரம்பி வீங்கும் சாதாரண நிலையும் உண்டு; அதில் புற்றுநோய் ஏதுமில்லை. நாட்பட்ட அழற்சியால் சுவர் தடித்துக் கட்டிபோல் ஆவதும் உண்டு. இம்மூன்றையும் பிரித்தறிவது தேர்ந்த நிபுணருக்கும் எளிதன்று.

இரத்த நாளத்தில் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேனில் கோழைப் பகுதி மங்கலாகவும், சில வேளைகளில் சிறு சுண்ணாம்புப் புள்ளிகளுடனும் தெரியும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனின் ஒரு வகைப் படத்தில் அது தண்ணீரைப் போல வெண்மையாக ஒளிரும். பெட் ஸ்கேன், உயிரணுக்கள் சர்க்கரையை உண்ணும் வேகத்தைக் கொண்டு புற்றை அடையாளங்காட்டுவது. கோழை மிகுந்து உயிரணு குறைந்த கட்டியை அது சில சமயம் தவறவிடும். சி.ஏ. 19-9 என்னும் இரத்தப் பரிசோதனையும் தனித்து நின்று தீர்ப்புக் கூறத் தக்கதன்று. பித்தநாளம் அடைபட்ட வேறு நோய்களிலும் அதன் அளவு உயரும். ஊசி செலுத்தித் திசு எடுக்கலாமே எனக் கேட்கலாம். அறுவைச் சிகிச்சையால் முழுதும் நீக்கத்தக்க கட்டியாயின் மருத்துவர்கள் பொதுவாக அதனைத் தவிர்ப்பர். ஊசி சென்ற வழியே புற்றணு சிந்திப் பரவும் அபாயம் உண்டு. நீக்க இயலாத நிலையில்தான், மருந்துச் சிகிச்சைக்கு முன் உறுதி செய்துகொள்வதற்காக ஊசியைப் பயன்படுத்துவர்.

ஆகவே, இறுதித் தீர்ப்பு நுண்ணோக்கியின் கீழேயே கிடைக்கிறது. அகற்றிய பித்தப்பையைப் பார்மலின் திரவத்தில் இட்டுப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புவர். அங்கு அதனைத் துண்டுகளாக்கி, மெழுகில் பதித்து, மிக மெல்லிய சீவல்களாகச் சீவிச் சாயமேற்றுவர். ஆல்சியன் நீலம் போன்ற சாயங்கள் கோழையைத் தனித்துக் காட்டுகின்றன. கோழைப் புற்று என்று தெரிந்த பின்னும் ஒரு கேள்வி எஞ்சும். இரைப்பை, பெருங்குடல், குடல்வால், சினைப்பை ஆகியவற்றிலும் இத்தகைய புற்று தோன்றி வேறிடம் பரவுவதுண்டாதலின், இது பித்தப்பையிலேயே பிறந்ததா, விருந்தாளியாக வந்ததா என்பதையும் ஆராய்ந்தே முடிவு கூறுவர். சிகிச்சை அதனைப் பொறுத்தது.

ஊராட்சி உறுப்பினர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. கல்லுக்காக எடுக்கப்படும் பித்தப்பைகளில் ஏறத்தாழ 100-க்கு ஒன்றிலோ, அதனினும் குறைவாகவோ, எவரும் எதிர்பாராத புற்றுநோய் ஒளிந்திருக்கிறது. எடுத்த பையைச் சோதிக்காவிடில் அதனை அறிய வேறு வழியில்லை. புற்று உட்சவ்வளவில் நின்றிருந்தால், பையை எடுத்ததே போதுமான சிகிச்சையாகிவிடும். சுவரின் தசையைத் தொட்டுவிட்டால், கல்லீரலின் அடுத்துள்ள பகுதியையும் அருகிலுள்ள நிணநீர்க் கழலைகளையும் நீக்கும் இரண்டாம் அறுவை தேவைப்படும். அதனைச் சில வாரங்களுக்குள் முடிவு செய்தாக வேண்டும். மாதக்கணக்கில் காத்திருக்கும் விஷயமன்று.

நம் ஒன்றியத்துக் கிராமம் ஒன்றில் நேர்ந்ததைக் குறிப்பிடுவோம். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையாருக்குக் காய்ச்சலுடன் வயிற்றுவலி கண்டு, நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் பித்தப்பையை எடுத்தனர். கற்களைச் சிறு புட்டியிலிட்டு மகனிடம் கொடுத்தனர். அப்புட்டி வீட்டு மாடத்தில் வைக்கப்பட்டு, வருவோர் போவோர் எல்லோருக்கும் காட்டப்பட்டது. பரிசோதனைச் சாலையின் அறிக்கையோ பத்து நாளில் வந்து, வாங்குவாரின்றி மருத்துவமனைக் கோப்பில் கிடந்தது. அழைத்துச் சொல்ல வேண்டியவர்களும் சொல்லவில்லை. நான்காம் மாதம் கண் மஞ்சளித்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, பத்தியம் வைத்து, மேலும் ஒரு மாதம் கழிந்தது. அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோதுதான் பழைய அறிக்கையைத் தேடி எடுத்தனர். கோழைப் புற்று என அதில் தெளிவாகவே எழுதியிருந்தது. அறுவைக்குரிய காலம் கடந்துவிட்டது. பித்தநாளத்தில் குழாய் வைத்து மஞ்சளையும் அரிப்பையும் தணித்தனர். ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் மருந்துகளும் ஏற்றப்பட்டன. அவ்வம்மையார் அடுத்த தைப் பொங்கலைக் காணவில்லை.

கீழாநெல்லியைப் பழிப்பது நம் நோக்கமன்று. மஞ்சள் காமாலை என்பது ஒரே நோயன்று என்பதை மட்டும் கூறுகிறோம். கிருமியால் கல்லீரல் வீங்கி வரும் காமாலை பெரும்பாலும் தானே தணிந்துவிடும். பெருமை மட்டும் பச்சிலைக்குச் சேரும். நாளம் அடைபட்டு வரும் காமாலை வேறு. மலம் வெளிறிச் சுண்ணாம்பு நிறமாதல், சிறுநீர் கடுங்காப்பி நிறமாதல், உடலெங்கும் தாங்கவொண்ணா அரிப்பு, உடல் மெலிவு ஆகியவை அதன் அறிகுறிகள். நாற்பது வயதைக் கடந்தவருக்கு இவை தோன்றின், அன்றைய வாரமே ஸ்கேன் எடுத்தாக வேண்டும். மருந்து கொடுக்கும் நாட்டு வைத்தியரிடமே உறுப்பினர்கள் இதனை எடுத்துரைப்பது நலம். அவர் சொன்னால் மக்கள் கேட்பார்கள். அதிகாரி சொன்னால் தலையாட்டுவதோடு சரி.

குடிநீர் பற்றியும் ஒரு சொல். டைபாய்டு சுரம் நீங்கிய பின்னரும் சிலரது பித்தப்பையில் அக்கிருமி ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. அத்தகையோருக்குப் பித்தப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகுதி என ஆய்வுகள் காட்டுகின்றன. மேல்நிலைத் தொட்டியில் தவறாது குளோரின் கலப்பதற்கு வயிற்றுப்போக்குத் தடுப்பு ஒன்றே போதுமான காரணம். இது மற்றொரு காரணம்.

செலவைக் குறித்து அஞ்சுவோருக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்ப அட்டையையும், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றையும் நோய் வரும்வரை காத்திராமல் இப்போதே கொண்டு சென்று பதிந்துகொள்ளலாம். அறுவை முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி, “திசுப் பரிசோதனைக்கு அனுப்பினீர்களா, முடிவு எந்நாளில் கிடைக்கும்?” என்பது. அந்நாளில் ஒருவர் நேரில் சென்று அறிக்கையைப் பெற்று, டாக்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். வேறு மருத்துவமனைக்குச் செல்ல நேரின் கண்ணாடிச் சீவல்களையும், திசு பதித்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிச் செல்லலாம். அக்கட்டிக்கும் ‘பிளாக்’ என்றே பெயர்; நம் அலுவலகத்திற்கு வந்து தேட வேண்டாம். அது பரிசோதனைச் சாலையில் பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். அதிலிருந்து புதிய சீவல் எடுத்து மற்றொரு நிபுணர் மீண்டும் பார்க்க இயலும்.