களிமண் விடாத பூச்சிக்கொல்லிப் புரதம்

புரதம் மண்ணில் விழுந்தால் என்ன ஆகும்? நுண்ணுயிர்கள் தின்றுவிடும், சில நாள்களில் காணாமல் போய்விடும். இடைநிலைப்பள்ளியில் உயிரியல் படித்த யாரும் இப்படித்தான் சொல்வோம். மண்ணியல் வகுப்புக்காக நான் படித்த பிடி சோளத்தின் கதையில் இந்தப் பதில் பாதிதான் சரி.

'பிடி' என்பது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவின் சுருக்கம். அதன் மரபணுவைச் சேர்த்தால், சோளச் செடியே பூச்சிக்கொல்லிப் புரதத்தைத் தயாரிக்கிறது. தண்டைத் துளைக்கும் புழு அதைத் தின்றதும் குடல் ஓட்டையாகிச் சாகிறது. மருந்தடிக்கும் வேலை குறையும், நல்லதுதான். ஆனால் 1999இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டாட்ஸ்கி குழுவினர், இந்தப் புரதம் வேர் வழியாக மண்ணுக்குள்ளும் கசிகிறது என்று 'நேச்சர்' இதழில் எழுதினர்.

மண்ணில் அதைப் பிடித்துக்கொள்வது களிமண். களிமண் துகள்கள் மெல்லிய தகடுகள். எடை கொஞ்சம், பரப்போ மிக அதிகம். ஸ்டாட்ஸ்கியின் ஆய்வுக்கூடத்தில் புரதம் அரை மணி நேரத்துக்குள் அவற்றில் ஒட்டிக்கொண்டது. தகடுகளுக்கு இடையில் நுழையாமல் வெளிப்பரப்பில்தான் ஒட்டியது. அப்படியிருந்தும் நுண்ணுயிர்களால் அதை எளிதில் சிதைக்க முடியவில்லை. வியப்பு என்னவென்றால், ஒட்டிய பிறகும் அது புழுக்களைக் கொன்றது. ஒரு சோதனையில் 234 நாள்களுக்குப் பிறகும் வீரியம் இருந்தது!

உடனே பயந்துவிட வேண்டாம். அந்தச் சோதனையில் மண்ணில் கலந்தது சுத்திகரித்த புரதம். அமெரிக்காவில் 3 முதல் 6 ஆண்டுகள் பிடி பருத்தி விளைந்த வயல்களின் மண்ணை 2002இல் வெளியான ஆய்வு ஒன்று சோதித்தது, புரதம் தென்படவில்லை. ஆனால் களிமண்ணில் இறுக ஒட்டிய புரதத்தைப் பிரித்தெடுத்து அளப்பதே கடினம். அதனால்தான் அந்த ஆய்வாளர்கள் மண்ணைப் புழுக்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். வேதியியல் சோதனையைவிட இந்தப் புழுச் சோதனையைத்தான் நான் நம்புவேன்.

நமக்கு இதில் என்ன? மலேசியாவின் மேட்டுநில மண்ணில் கயோலினைட் வகைக் களிமண் அதிகம், அமிலத்தன்மையும் அதிகம். ஸ்டாட்ஸ்கியின் சோதனைகளில் புரதம் நீண்ட நாள் தங்கியதும் இத்தகைய மண்ணில்தான். சுண்ணாம்பு சேர்த்து அமிலத்தைக் குறைத்தபோது நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாகி, புரதம் சீக்கிரம் சிதைந்தது. ஆகவே, இங்கே இப்படியொரு பயிரை நட அனுமதி கேட்டு யாராவது வந்தால், வெளிநாட்டு வயல் அறிக்கை மட்டும் போதாது. எந்த மண்ணில் சோதித்தீர்கள், அதன் பிஎச் அளவு என்ன என்று கேட்க வேண்டும்.